உடற்கனலும் மரபணுவும்

கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி நகரையொட்டி அமைந்துள்ளது பாக்கார் ஆராங். மலாய் மொழியில் ‘பாக்கார்’ என்பது எரித்தலையும், ‘ஆராங்’ என்பது கரியையும் குறிக்கும். அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் செல்வோரும், அங்கேயே பிறந்து வளர்ந்தோரும் இப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பது அரிது. இக்கட்டுரை அவ்வூரின் பெயர்க்காரணத்தை ஆராய எழுந்ததன்று. கரி எரிவதற்கும் நம் உடல் வெதுவெதுப்பாய் இருப்பதற்கும் உள்ள உறவை மாந்தர் எவ்வாறு படிப்படியாய் உணர்ந்தனர் என்பதைக் கூற எழுந்தது. அவ்வரலாற்றைத் தொடங்க இப்பெயரினும் பொருத்தமான இடம் வேறில்லை.

பாக்கார் ஆராங்கிலிருந்து வடக்கே, ஜெராய் மலையின் அடிவாரப் பகுதியில் சுங்கை பத்து என்னும் இடம் உள்ளது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய அகழாய்வில் பண்டைய இரும்பு உலைகளும், உலைக்குள் காற்றைச் செலுத்திய சுடுமண் குழாய்களும் வெளிப்பட்டன. கடாரத்தின் பழங்கொல்லர் கரியையும் இரும்புக் கல்லையும் உலையிலிட்டுத் துருத்தியால் காற்றூட்டினர். காற்று மிகுந்தால் கரி வீணாகும். குறைந்தால் இரும்பு பிரியாது. தீயை மூட்டுவது எளிது. அதனை அளவோடு ஆள்வதே கலை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் உடலுக்குள்ளும் அத்தகைய உலை ஒன்று உண்டு. அதற்கும் கரி உண்டு, காற்று உண்டு, துருத்தியை இயக்கும் கையும் உண்டு. அந்தக் கை எது என்பதைக் கண்டறிய நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயின.

மூச்சும் ஓர் எரிதலே

பசியைத் ‘தீ’ என்பது தமிழ் வழக்கு. வயிற்றுத்தீ, பசித்தீ என்கிறோம். உடம்பைச் சூட்டுடம்பு என்றும் குளிர்ச்சியுடம்பு என்றும் பிரித்துப் பேசுகிறோம். உயிர் உள்ளவரை உடல் சுடும். உயிர் போனால் குளிரும். இந்த எளிய உண்மை எல்லா மொழியினரையும் தீயை நினைக்க வைத்தது. ஆயினும் அது வெறும் உவமையா, மெய்யான தீயா என்பதை எவரும் அளந்து பார்த்ததில்லை.

முதலில் அளந்தவர்கள் பிரான்சு நாட்டின் லவாய்சியரும் லாப்லாசும் ஆவர். 1783இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தைக் கொண்டு நடத்தப்பட்டது. கலத்தினுள் ஒரு கினிப்பன்றியை வைத்து, அதன் உடற்சூட்டால் உருகிய பனிக்கட்டியின் எடையை அளந்தனர். அவ்விலங்கு வெளிவிட்ட கரியமிலக் காற்றையும் அளந்தனர். பிறகு கரித்துண்டை எரித்து, அதே அளவு கரியமிலக் காற்று உண்டாகும்போது எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று கணக்கிட்டனர். இரண்டு அளவுகளும் நெருங்கி நின்றன. மூச்சு விடுதல் என்பது மிக மெதுவாக நடக்கும் எரிதலே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். அவர்கள் ஒப்பிட்டது கரியோடுதான் என்பது நம் கட்டுரைக்கு வாய்த்த நற்பேறு. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1794இல், புரட்சியின் கொந்தளிப்பில் லவாய்சியர் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார். அவர் ஏற்றி வைத்த கேள்வியோ அணையவில்லை. உடலில் எரிதல் நிகழ்கிறதென்றால், அது எங்கே நிகழ்கிறது? அதனைக் கூட்டிக் குறைப்பது யார்?

கொழுப்புமன்று, தசையுமன்று

இக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி, கேள்வி பிறப்பதற்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. சுவிட்சர்லாந்தின் கொன்ராட் கெஸ்னர் 1551இல் எழுதிய விலங்கு நூலில், ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலம் முழுதும் உறங்கும் மர்மோட் என்னும் அணிலின விலங்கைப் பற்றிக் கூறுமிடத்து, அதன் தோள்பட்டைகளுக்கிடையே காணப்பட்ட ஒரு பொருளை விவரித்தார். அது முழுக்கக் கொழுப்புமன்று, தசையுமன்று, இரண்டுக்கும் இடைப்பட்டது என்பது அவர் கருத்து. அதன் பயன் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை.

பின்வந்தோர் அதற்கு ‘உறக்கச் சுரப்பி’ என்று பெயரிட்டனர். சிலர் அதனைக் கழுத்துச் சுரப்பியின் பகுதி என்றனர். சிலர் குருதி உண்டாகும் இடம் என்றனர். 1902இல் ஷின்கிச்சி ஹத்தாய் என்னும் ஜப்பானிய அறிஞர், மனிதக் கருவிலும் அத்தகைய திசு உண்டு என்று காட்டினார். விலங்குகளின் உறக்கத்துக்கென்று எண்ணப்பட்ட ஒன்று, உறக்ககாலமே இல்லாத மனிதக் குழந்தைக்கு எதற்கு? அக்கேள்வி நெடுநாள் கிடப்பில் கிடந்தது. 1961இல்தான் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஸ்மித், குளிருக்குப் பழக்கப்பட்ட எலிகளில் இத்திசு வெப்பத்தை உண்டாக்குகிறது என்று எடுத்துக்காட்டினார். வெள்ளைக் கொழுப்பு விறகுக் கட்டு. பழுப்புக் கொழுப்பு அடுப்பு. இவ்வேறுபாடு தெளிவாக 410 ஆண்டுகள் ஆயின.

குழந்தை மருத்துவத்திலும் இதே காலத்தில் ஒரு தெளிவு பிறந்தது. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் முதலியோர் 1958இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் சூட்டைச் சில பாகைகள் கூட்டியதாலேயே பிழைத்தவர் தொகை கூடியது. 1960களின் நடுவில் இங்கிலாந்தில் மைக்கேல் டாக்கின்சும் டேவிட் ஹல்லும், பிறந்த முயற்குட்டி நடுங்காமலே சூடுண்டாக்குவது பழுப்புக் கொழுப்பால்தான் என்று கண்டனர். மனிதக் குழந்தைக்கும் கழுத்திலும், தோள்பட்டைகளுக்கிடையிலும், சிறுநீரகத்தைச் சுற்றியும் அக்கொழுப்பு உண்டு. பச்சிளங் குழந்தைக்குப் பெரியவரைப்போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. பழுப்புக் கொழுப்பே அதன் காவல். குறைமாதப் பிள்ளைக்கோ அக்காவல் முற்றுப்பெறவில்லை.

நம் தோட்டத்து லயன் வீடுகளில் பிள்ளை பிறந்தால், பழைய வேட்டித் துணியில் இறுகச் சுற்றித் தாயின் மார்போடு கிடத்துவர். வெந்நீரில் குளிப்பாட்டி உடனே ஈரம் துவட்டுவர். அம்மூதாட்டியர் கெஸ்னரையும் அறியார், சில்வர்மனையும் அறியார். ஆயினும் குழந்தையின் சிறிய உலை ஓய்ந்துவிடாமல் வெளியிலிருந்து துணை செய்தனர். அவர்கள் அறிந்தது செயல், அறியாதது காரணம். காரணத்தை அறிவது அச்செயலுக்கு நாம் செய்யும் மரியாதை.

அவிழ்த்துவிடும் புரதம்

உயிரணுவினுள் இழைமணிகள் என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவின் ஆற்றல் அங்குதான் வெளிப்படுகிறது. அவ்வாற்றல் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதைப் பிரிட்டிஷ் அறிஞர் பீட்டர் மிட்செல் 1961இல் விளக்கினார். அவருக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் கருத்தை ஓர் அணைக்கட்டைக் கொண்டு மாணவர்க்கு விளக்கலாம். எரிதலால் கிடைக்கும் ஆற்றல், நீர்வளி அணுவின் உட்கருக்களை இழைமணியின் உட்சவ்வுக்கு வெளியே தள்ளித் தேக்குகிறது. தேங்கியவை ஒரு குறித்த வாயில் வழியாகத் திரும்பும்போது, நீர்மின் நிலையத்துச் சக்கரம் சுழல்வதுபோல் ஒரு புரதம் சுழன்று, உடல் செலவிடத்தக்க ஆற்றல் நாணயங்களை அச்சிடுகிறது.

பழுப்புக் கொழுப்பின் இழைமணிகளில் மட்டும் வேறொரு மதகு உண்டு. அது திறந்தால் தேங்கியவை சக்கரத்தைச் சுழற்றாமலே உள்ளே பாயும். நாணயம் அச்சாகாது; ஆற்றல் முழுதும் வெப்பமாகும். 1976இல் பிரான்சின் டேனியல் ரிக்கியேவும் காதெரும் குளிரில் வளர்ந்த எலிகளின் பழுப்புக் கொழுப்பில் ஒரு புரதம் மிகுவதைக் கண்டனர். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டேவிட் நிக்கல்சும் அவர் கூட்டாளிகளும் 1978இல் மதகாக நிற்கும் புரதத்தை இனங்கண்டனர். எரிதலையும் சேமிப்பையும் பிணைக்கும் கட்டை அவிழ்ப்பதால் அது ‘பிணைப்பவிழ்க்கும் புரதம்’ எனப்பட்டது, சுருக்கமாக யூ.சி.பி.1. அதற்குரிய மரபணுச் செய்தி 1985இல் வாசிக்கப்பட்டது.

இங்கு ஒரு துயரக் கதையையும் நினைவுகூர வேண்டும். பிணைப்பை அவிழ்க்கும் வேலையை டைநைட்ரோபீனால் என்னும் வேதிப்பொருளும் செய்யும். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அதனை உடல் மெலிய வைக்கும் மருந்தாக அறிவித்தனர். உடல் மெலிந்தது உண்மை. ஆனால் அம்மருந்துக்கு எங்கே எரிப்பது, எவ்வளவு எரிப்பது, எப்போது நிறுத்துவது என்று தெரியாது. உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் மதகைத் திறந்துவிட்டது. சிலர் கடுங்காய்ச்சலில் வெந்து மாண்டனர். பலர் கண்புரை நோயால் பார்வை இழந்தனர். 1938இல் அந்நாட்டில் மருந்தாக விற்பது நின்றது. ஆளப்படாத தீ உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆகவே இயற்கை அத்தீயை எவ்வாறு ஆள்கிறது என்பதே அடுத்து எழும் கேள்வி.

எழுதியிருப்பதும் படிக்கப்படுவதும்

நம் உடலின் உயிரணுக்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் ஒரே மரபணு நூல் உள்ளது. கண்ணின் உயிரணுவிலும் ஈரலின் உயிரணுவிலும் யூ.சி.பி.1இன் மரபணு எழுதப்பட்டே இருக்கிறது. ஆயினும் அங்கெல்லாம் அப்பக்கம் திறக்கப்படுவதில்லை. பழுப்புக் கொழுப்பில் மட்டுமே திறக்கப்படுகிறது. அங்கும் கட்டளை வந்தால்தான் உரக்கப் படிக்கப்படுகிறது. இதனையே மரபணு ஒழுங்காட்சி என்கிறோம்.

கட்டளை வரும் வழி இது. தோல் குளிரை உணர்கிறது. மூளையின் அடிப்பகுதி அச்செய்தியைப் பெறுகிறது. பரிவு நரம்புகள் பழுப்புக் கொழுப்பில் நார்அட்ரினலின் என்னும் பொருளைச் சொரிகின்றன. அதனால் இரு வேலைகள் நடக்கின்றன. முதலாவது விரைவானது. சேமித்த கொழுப்பு உடைந்து கொழுப்பமிலங்கள் வெளிப்பட்டு, ஏற்கெனவே உள்ள மதகுகளைத் திறக்கின்றன. இது சில நிமிடங்களில் நிகழும். இரண்டாவது மெதுவானது. செய்தி உட்கருவுக்குள் சென்று யூ.சி.பி.1 மரபணுவை மேலும் படிக்கச் செய்கிறது. புதிய மதகுகள் உண்டாகின்றன, இழைமணிகள் பெருகுகின்றன. இதற்கு மணிக்கணக்கும் நாட்கணக்கும் ஆகும். குளிர்நாட்டில் சில வாரம் வாழ்ந்தவர் குளிரைத் தாங்கப் பழகுவதன் ஒரு காரணம் இதுவே.

இந்த வாசிப்பை நடத்தும் பொறி எங்கே உள்ளது? எலிகளில், மரபணுவின் தொடக்கத்துக்கு ஏறத்தாழ 2,500 எழுத்துகளுக்கு முன்னால் ஒரு சிறு பகுதி உள்ளது. அது எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை; கட்டளைகள் வந்து அமரும் மணை அது. தைராய்டுச் சுரப்பியின் ஆணையும் அங்கு வந்து சேர்கிறது. அவ்வாணையைத் தானே கூர்மைப்படுத்திக்கொள்ளும் திறன் பழுப்புக் கொழுப்புக்கு உண்டு என்பது 1983இல் வெளிப்பட்டது. 1998இல் புய்க்செர்வெரும் ஸ்பீகல்மனும் பி.ஜி.சி.1 என்னும் துணைப்புரதத்தைக் கண்டனர். குளிர் வந்ததும் மிகுந்து, பல ஆணைகளை ஒருங்கே திரட்டி மரபணுவைப் படிக்கச் செய்வது அது. தோட்டத்தில் பெரட்டுக்கு ஆட்களைத் திரட்டி அனைவரையும் வேலைக்கு ஏவும் கங்காணியை அதற்கு ஒப்பிடலாம்.

2008இல் வந்த செய்தி வரலாற்று மாணவரை மகிழ்விக்கும். பழுப்புக் கொழுப்பின் உயிரணு, வெள்ளைக் கொழுப்பின் உடன்பிறப்பன்று, தசையின் உடன்பிறப்பு. ஒரே மூலத்திலிருந்து இரண்டும் பிறக்கின்றன. பி.ஆர்.டி.எம்.16 என்னும் புரதம் ஓங்கினால் பழுப்புக் கொழுப்பாகும், இல்லையேல் தசையாகும். கொழுப்புமன்று, தசையுமன்று என்று 1551இல் கெஸ்னர் வெறுங்கண்ணால் கண்டு எழுதியது, 457 ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

எழுத்தே சிதைந்துபோன கதையும் ஒன்றுண்டு. பன்றியினத்தின் யூ.சி.பி.1 மரபணு ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே சிதைந்துவிட்டது என்று 2006இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் காட்டினர். ஆகவே பன்றிக்குட்டிகள் குளிரில் நடுங்குகின்றன; எளிதில் மடிகின்றன. காட்டுப்பன்றி ஈனுமுன் புல்லையும் தழையையும் குவித்துக் கூடு கட்டுவதைத் தோட்டத்து மக்கள் கண்டிருப்பர். எழுத்தை இழந்த உயிர் செயலால் அதனை ஈடுசெய்கிறது. எழுத்து அழியாத மனிதனின் நிலை வேறு. அவனிடம் பக்கம் இருக்கிறது. அது திறக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

பெரியவர் உடலில்

குழந்தைப் பருவத்தோடு பழுப்புக் கொழுப்பு மறைந்துவிடும் என்றே நெடுங்காலம் பாடநூல்கள் கூறின. புற்றுநோயைத் தேடும் படக்கருவிகளே இக்கருத்தை மாற்றின. சில நோயாளிகளின் கழுத்தின் இருபுறமும் சர்க்கரை மிகுதியாய் எரிவதாகப் படங்கள் காட்டின. அங்கே கட்டி எதுவும் இல்லை. படமெடுக்கும் அறை குளிராய் இருந்தபோது அது மிகுந்தது. நோயாளிக்குப் போர்வை போர்த்தினால் குறைந்தது.

2009 ஏப்ரலில் மூன்று ஆய்வுகள் ஒருங்கே வெளியாயின. பாஸ்டன் நகரத்தார் 1,972 பேரின் படங்களை நோக்கினர். பெண்களில் நூற்றுக்கு 7.5 பேரிடமும் ஆண்களில் 3.1 பேரிடமும் பழுப்புக் கொழுப்பு தென்பட்டது. நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் நகரத்தார் 24 ஆண்களை 16 பாகைக் குளிரில் அமர்த்திப் பார்த்தனர். 23 பேரிடம் அது விழித்தெழுந்தது. ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தார் திசுத் துணுக்கையே எடுத்து அதில் யூ.சி.பி.1 இருப்பதை உறுதி செய்தனர். முதல் இரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அழைக்காதபோது நூற்றுக்குச் சிலரிடமே தென்பட்டது; அழைத்தபோது ஏறத்தாழ எல்லாரிடமும் எழுந்தது. இல்லாமை வேறு, உறங்குதல் வேறு.

நம் மக்களும் இக்கனலும்

இனி நம்மைப் பற்றியது. 2019ஆம் ஆண்டின் மலேசியத் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், நாட்டின் வயதுவந்தோருள் நூற்றுக்கு 18.3 பேர் இனிப்புநீர் நோயுடையோர். இந்தியருள் அது 31.4. தோட்டங்களிலிருந்து நகருக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களில் இந்நோய் அறியாத வீடு அரிது. மருந்தகத்துக்குச் செல்லும் நம் மூத்தோர் பலர், “நம் தலையெழுத்து, நம்மவர்க்கு இது வந்தே தீரும்” என்று கூறித் திரும்புகின்றனர்.

இதில் பழுப்புக் கொழுப்புக்கும் பங்குண்டா என்று நெதர்லாந்தில் வாழும் தெற்காசிய இளைஞரை வைத்து இரு குழுவினர் ஆராய்ந்தனர். ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஐரோப்பியரோடு ஒப்பிடத் தெளிவான வேறுபாடு தோன்றவில்லை. லைடன் நகரத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியரின் பழுப்புக் கொழுப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாய் இருந்தது. ஓய்வுநேர ஆற்றற் செலவும் குறைவாய் இருந்தது. ஒவ்வொரு பக்கமும் பன்னிருவரே ஆராயப்பட்டனர் என்பதை மறக்கலாகாது. அதே 2014இல் டயான் செல்லையா முதலிய ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். குளிர்நாட்டில் வழிவழி வாழ்ந்தோர்க்கு வெப்பமுண்டாக்கும் மரபணுத் திறன் ஓங்கியது. வெப்பநாட்டோர்க்கு அத்தேவை எழவில்லை. இன்றைய உணவுப் பெருக்கத்தில் அவ்வேறுபாடு உடற்பருமனாய் வெளிப்படுகிறது என்பது அது. இஃது இன்னும் கருதுகோளே, முடிந்த முடிபன்று.

மற்றொரு சான்று மேலும் நுட்பமானது. உடற்பருமனோடு தொடர்புடையதாக 2007இல் எஃப்.டி.ஓ. என்னும் மரபணு அறியப்பட்டது. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியரிடமும் அம்மரபணுவின் சில வேறுபாடுகள் பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புடையன என்றது. காரணம் 2015இல் விளங்கியது. அம்மரபணுவினுள் புரதம் எதையும் எழுதாத ஒரு பகுதியில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அம்மாற்றத்தால் அடங்கியிருக்க வேண்டிய வேறு இரு மரபணுக்கள் அடங்காமல் எழுகின்றன. அதனால் எரிக்கும் உயிரணுவாக வேண்டியது சேமிக்கும் உயிரணுவாகிறது. சொல் மாறவில்லை, சொல்லுக்கு முன் நிற்கும் நிறுத்தக்குறி மாறியது. அதனாலேயே பொருள் மாறியது. தமிழாசிரியர்க்கு இதனை மேலும் விளக்க வேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டபின், “அப்படியானால் தலையெழுத்து என்பது மெய்தானே?” என்று மாணவர் கேட்கக்கூடும். அதற்கு ஜப்பானில் நடந்த ஓர் ஆய்வு விடை கூறும். பழுப்புக் கொழுப்பு மிகக் குறைந்திருந்தோரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் 17 பாகைக் குளிரில் ஆறு வாரம் அமர்த்தினர். அவர்தம் பழுப்புக் கொழுப்பின் செயல் கூடிற்று; உடற்கொழுப்பு குறைந்தது. இது 2013இல் வெளியான செய்தி. எழுத்து மாறவில்லை, வாசிப்பு மாறியது.

இதனால் எல்லாரும் குளிரறையில் அமர வேண்டும் என்பதன்று நம் கருத்து. பழுப்புக் கொழுப்பு ஒன்றே இனிப்புநீர் நோயின் காரணமும் அன்று, மருந்தும் அன்று. கெடாவின் பகற்பொழுது 30 பாகைக்கு மேல் காய்கிறது. அந்த உலைக்கு இங்கு அழைப்பு குறைவு. ஆனால் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நூற்றுக்கணக்கான பால்மரங்களை வெட்டி, வாளி சுமந்து நடந்த நம் முன்னோர் தம் தசைகளால் தம் கனலை எரித்தனர். வேலை மாறியது, உணவு பெருகியது, தேநீரில் சீனி கூடியது. பன்றி கூடு கட்டி ஈடுசெய்வதைக் கண்டோம். பகுத்தறிவுடைய நாம் நடையாலும் உணவாலும் ஈடுசெய்ய இயலாதோ?

தலையெழுத்து என்னும் சொல், எழுதியது எழுதியபடியே நடக்கும் என்ற எண்ணத்தில் பிறந்தது. மரபணுவைப் பற்றிய நானூறாண்டுத் தேடல் வேறொன்றைக் கற்பிக்கிறது. எழுதப்பட்ட எல்லாம் படிக்கப்படுவதில்லை. படிக்கப்படுவதும் எப்போதும் ஒரே குரலில் படிக்கப்படுவதில்லை. குளிரும் உணவும் உழைப்பும் அந்த வாசிப்பில் கைவைக்கின்றன. நூலகத்தில் ஆயிரம் நூல் இருந்தும் திறப்பார் இல்லையேல் பயனில்லை என்பதை ஒவ்வொரு நாளும் வகுப்பறையில் கூறும் ஆசிரியப் பெருமக்களே, இதனையும் அதனோடு சேர்த்துக் கூறுங்கள். பாக்கார் ஆராங்கில் படிக்கும் ஒரு மாணவி தன் ஊர்ப்பெயரின் பொருளைக் கேட்டால், கரி எரிப்பது என்று சொல்லுங்கள். தன் தந்தையின் நோயைப் பற்றிக் கேட்டால், தலையெழுத்து என்று மட்டும் சொல்லாதீர்கள்.